வல்லூறைத் தேடுமுன் வாத்தியாரைத் தேடு

1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராகப் பணியாற்றியவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். நாடு திரும்பிய பின்னர், 1861இல், இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி ஒரு நூலை அவர் வெளியிட்டார். அதன் பறவைகள் பகுதியில் மிகச் சுருக்கமான ஒரு குறிப்பு இருக்கிறது. அநுராதபுர மாவட்டத்தில் கோஸ்ஹாக் எனப்படும் காட்டு வல்லூறை வேட்டைக்குப் பழக்கினார்கள் என்றும், தலைக்கு மூடி அணிவிப்பதற்குப் பதிலாக அதன் இமைகளில் துளையிட்டுப் பட்டுநூல் கோத்துக் கண்களை மறைத்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார்.

படிக்கும்போது மனம் கூசத்தான் செய்கிறது. ஆனால் இது உள்ளூர்க்காரர் எவரோ தற்செயலாகக் கண்டுபிடித்த கொடுமையன்று. 13ஆம் நூற்றாண்டில் புனித உரோமைப் பேரரசை ஆண்ட பேரரசர் இரண்டாம் பிரெடெரிக், வல்லூறு வேட்டை பற்றித் தாம் எழுதிய பெருநூலில் இதே இமை தைக்கும் முறையை விவரிக்கிறார். தலைமூடியின் பயனை அரபு மக்களிடமிருந்து கற்றதாகவும் கூறுகிறார். அநுராதபுரத்து வேட்டைக்காரனுக்கும் அந்த நுட்பத்தை யாரோ கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். அவனுக்கும் ஓர் ஆசான் இருந்திருக்கிறான் என்பதே டெனன்டின் குறிப்பில் நான் காணும் செய்தி.

இந்தப் பழங்கதையை இப்போது எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கண்டியையும் பேராதனையையும் அணைத்து நிற்கும் ஹந்தானை மலைத்தொடரின் மேலே கருங்கழுகும் பாம்புக்கழுகும் வட்டமிடுவதைக் காணலாம். கீழே, தோட்டத்து மரங்களுக்கிடையே, வைரி என நாம் அழைக்கும் சிறிய வல்லூறு ஓணானையும் சிறு பறவைகளையும் தேடித் திரியும். இணையத்தில் அரபு நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "எந்தப் பறவையோடு தொடங்கலாம், சேர்?" என்று கேட்கும் இளைஞர்களை இந்தப் பக்கங்களில் சந்திக்கிறேன். புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து எழுதும் பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள். வரலாற்றைப் புரட்டினால் இதற்குப் பதில் கிடைக்கும்.

முதலில், பறவையைத் தீர்மானிப்பது நிலம். இந்திய வேட்டைக்காரர்கள் இப்பறவைகளைக் கண்ணின் நிறத்தைக்கொண்டு இரண்டாகப் பிரித்தனர். கருங்கண் பறவைகள் நீண்ட சிறகுடையவை. பைரி, ஷாஹீன் போன்றவை. உயரத்திலிருந்து பாய்ந்து இரையை அடிப்பதால் அவற்றுக்குத் திறந்தவெளி வேண்டும். மஞ்சட்கண் பறவைகள் குறுஞ்சிறகும் நீண்ட வாலும் கொண்டவை. வைரி, கோஸ்ஹாக் போன்றவை. மரங்களுக்கிடையே வளைந்து நெளிந்து, குறுகிய தூரம் விரட்டிப் பிடிப்பது அவற்றின் வழக்கம். காடடர்ந்த வன்னிப் பெருநிலத்தில் டெனன்ட் கேள்விப்பட்டது கோஸ்ஹாக்காக இருந்ததில் வியப்பில்லை.

இரண்டாவதாக, சமூக நிலையும் பறவையைத் தீர்மானித்தது. 1486இல் இங்கிலாந்தில் அச்சான புனித ஆல்பன்ஸ் நூல், எந்தத் தரத்தாருக்கு எந்தப் பறவை எனப் பட்டியலிடுகிறது. மன்னனுக்கு ஜைர்பால்கன், சீமாட்டிக்கு மெர்லின், சிறு நிலக்கிழானுக்கு கோஸ்ஹாக் என்று அது போகும். நம் பக்கத்திலும் இது அரசர்களின் பொழுதுபோக்காகவே இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசத்தில் இதற்கெனவே ஒரு பகுதி உண்டு. அக்பரின் ஆட்சியை விவரிக்கும் அயினி அக்பரி, வேட்டைப் பறவைகளின் விலைகளையும் அவற்றுக்கு அளக்கப்பட்ட இறைச்சிப் படியையும் குறித்து வைத்திருக்கிறது.

ஆனால் சாமானியனின் கையில் இருந்தது வைரிதான். சென்னை இராணுவத்தில் மருத்துவராக இருந்த டி. சி. ஜெர்டன், 1862இல் வெளிவரத் தொடங்கிய தம் இந்தியப் பறவைகள் நூலில், இந்தியாவில் மற்றெந்த வல்லூறையும்விட அதிகமாகப் பழக்கப்படுவது இதுவே என்கிறார். விரைவில் பழகும், துணிச்சல் மிக்கது, காடையையும் கவுதாரியையும் பிடிக்கும், எளிதில் கிடைக்கும். தொடங்குபவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். சிறிய பறவை என்றால் எளிய பறவை என்று எண்ணிவிடுகிறார்கள். வல்லூறு அன்பினால் மனிதனிடம் திரும்பி வருவதில்லை, பசியினால் வருகிறது. ஆகவே அதன் எடையை நாள்தோறும் நிறுத்து, அதற்கேற்ப இரை கொடுக்க வேண்டும். 1 கிலோகிராம் எடையுள்ள பறவைக்குச் சில கிராம் குறைந்தால் ஒன்றும் ஆகாது. ஆண் வைரியோ 150 கிராம் அளவைத் தாண்டுவது அரிது. அதற்கு அதே சில கிராம் உயிர்ப் பிரச்சினை. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் இட்ட சிபியின் கதையை நாம் அறிவோம். வல்லூறு வளர்ப்பவன் நாள்தோறும் தராசின் முன் நிற்கிறான். அவன் கணக்குத் தவறினால் உயிரை இழப்பது பறவை.

அப்படியானால் இந்தியச் சிறுவர்கள் வைரியோடு எவ்வாறு தொடங்கினார்கள்? பக்கத்தில் உஸ்தாத் இருந்தார். பறவையின் மார்பெலும்பைத் தடவிப் பார்த்து அது மெலிந்ததா கொழுத்ததா என்று சொல்லும் விரல்கள் அவருக்கு இருந்தன. புத்தகத்தில் அதைக் கற்க முடியாது. மும்பையில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் டி. எச். வைட்டின் அனுபவம் இதற்குச் சான்று. 1936இல் அவர் ஜெர்மனியிலிருந்து ஒரு கோஸ்ஹாக்கை வரவழைத்தார். 1619இல் வெளிவந்த பழைய நூலொன்றைத் துணையாகக் கொண்டு, இரவெல்லாம் விழித்திருந்து அதைப் பழக்கினார். ஒருநாள் கட்டியிருந்த கயிறு அறுந்து பறவை போய்விட்டது. 1951இல் அவர் வெளியிட்ட 'தி கோஸ்ஹாக்' என்னும் நூல் அந்தத் தோல்வியின் கதையே.

இன்று இங்கிலாந்தில் தொடங்குவோருக்குப் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவது அமெரிக்கக் கண்டத்தின் ஹாரிஸ் வல்லூறு. அது காட்டிலேயே கூட்டமாக வேட்டையாடும் இனமாதலால் மனிதனின் துணையை ஏற்றுக்கொள்கிறது, உடலும் பெரிது. அமெரிக்காவில் 1976இல் வகுக்கப்பட்ட கூட்டாட்சி விதிகள், பயிலுநர் அனுபவசாலி ஒருவரின் பொறுப்பில் குறைந்தது 2 ஆண்டுகள் இருக்க வேண்டும் என்றன. வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இதுவே: அந்நாட்டுச் சட்டத்தைப் படியுங்கள்; பறவைக்கு முன் ஆசானைத் தேடுங்கள்; எந்தப் பறவை என்பதை அவர் சொல்லட்டும்.

ஹந்தானை இளைஞனுக்கு என் பதில் வேறு. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் நம் வல்லூறுகளைப் பாதுகாக்கின்றன. அவற்றைப் பிடித்து வளர்ப்பது குற்றம். இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதையே சொல்கிறது. தேயிலைச் செடியடியில் வைரிக் குஞ்சு கிடந்தால், அது பறக்கப் பழகும் பருவத்தில் இருக்கக்கூடும். தாய்ப்பறவை அருகிலேயே இருக்கும். பூனையும் நாயும் எட்டாத கிளையில் விட்டுவிட்டு விலகுவதே நன்று. காயமுற்றிருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வீட்டில் சோறூட்டி வளர்த்த குஞ்சு தன்னை வல்லூறு என்றே அறியாமற் போகும். பின்னர் காட்டுக்கும் உதவாது, வீட்டுக்கும் உதவாது.

2010இல் யுனெஸ்கோ வல்லூறு வேட்டையை மானிடத்தின் அருவ மரபுரிமையாக அறிவித்தது. 2021இல் அப்பட்டியலில் 24 நாடுகள் இருந்தன. பாகிஸ்தானும் அவற்றுள் ஒன்று. இந்தியாவோ இலங்கையோ இல்லை. அநுராதபுரத்து ஆசான்களின் கலை, பட்டுநூலின் கொடுமையையும் சேர்த்துக்கொண்டு, ஒரு பிரித்தானிய அதிகாரியின் நூலில் சில வரிகளாக எஞ்சியிருக்கிறது. கற்பிப்பவர் இல்லாத கலையை ஒரு குஞ்சின் உயிரைப் பணயம் வைத்து மீட்டுவிட முடியாது. ஹந்தானையில் தொடங்க விரும்பும் இளைஞனுக்கு ஒரு தொலைநோக்கியும் குறிப்பேடும் போதும். அவனுடைய முதற்பறவை எதிரே உள்ள மரத்திலேயே இருக்கட்டும்.