படிப்புக்கும் கேமுக்கும் ரீஃபர்பிஷ்டு லேப்டாப்: லேமிங்டன் ரோடு போகும் முன் இதைப் படிங்க!

தாராவி, மாட்டுங்கா, செம்பூர்... எங்கிருந்து லேப்டாப் தேடிக் கிளம்பினாலும், பலர் போய்ச் சேருவது கிராண்ட் ரோடு ஸ்டேஷன் பக்கத்து லேமிங்டன் ரோட்டில்தான். அங்கே அடுக்கியிருக்கும் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் எல்லாம் பெரும்பாலும் கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்தவை. எதைப் பார்த்து எடுக்கணும்?

பிராசஸர்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை முதல் வேண்டும். 'ஐ7' ஸ்டிக்கரை மட்டும் நம்பி 4-ஆம் தலைமுறையை வாங்கிடாதீங்க.

கேம்: பல மாடல்களில் ரேம், எஸ்எஸ்டியைப் பிறகு கூட்டிக்கலாம், கிராஃபிக்ஸை மாற்றுவது நடக்காத காரியம். வேலரன்ட் போன்றவை உள்ளமைந்த கிராஃபிக்ஸிலேயே ஓடும். பெரிய கேம்களுக்கு ஜிடிஎக்ஸ் 1650 போன்ற தனி கிராஃபிக்ஸ் தேவை. அதற்கேற்ப சூடும் எடையும் கூடும்.

கடையிலேயே செக் பண்ணுங்க: பயாஸ் பாஸ்வேர்டு இருக்கா? நெட்டில் இணைத்தால் பழைய கம்பெனியின் லாகின் கேட்குதா? கேட்டால் வேண்டாம். பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, புதிதாக இருந்தபோதைய கொள்ளளவில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்க.

பில்: சீரியல் நம்பர், வாரன்ட்டி மாதங்கள் இரண்டும் ஜிஎஸ்டி பில்லில் இருக்கணும். 'வாரன்ட்டி ஹை பாய்' என்ற வாய்வார்த்தை, மெஷின் படுத்த பிறகு உதவாது.