ஏலக்களத்தில் ஒரு முதியவர்

செல்வம் சேர்க்கும் வழியைக் கற்பிக்கும் நூல்களைப் படிப்பதனாற் பயன் உண்டா? நேயர்கள் பலர் மனத்திலும் எழக்கூடிய இவ்வினா புதிதன்று. அத்தகைய நூல்களுள் மிகப் பெயர்பெற்ற ஒன்றை எழுதியவரே அதனை அந்நூலினுள்ளேயே எழுப்பி வைத்தார்.

அவர் பிலடெல்பியா நகரில் அச்சுக்கூடம் நடத்திய பெஞ்சமின் பிராங்கிளின். 1733ஆம் ஆண்டு முதல் 1758 வரை 'ஏழை றிச்சர்ட்' என்னும் புனைபெயரில் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் வெளியிட்டார். ஆண்டுக்குப் பதினாயிரம் பிரதிகள் வரை விற்றன என்று அவரே தம் சுயசரிதையிற் கூறுகிறார். வேறு நூல் வாங்காத எளிய மக்களும் அதனை வாங்கினர். ஆகவே, நாட்குறிப்புகளுக்கிடையே எஞ்சிய இடத்தையெல்லாம் உழைப்பும் சிக்கனமும் பற்றிய பழமொழிகளால் நிரப்பினார். 1758ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தின் முன்னுரையில் அப்பழமொழிகளைத் திரட்டி, ஆபிரகாம் என்னும் முதியவரின் பிரசங்கமாக அமைத்தார். 'செல்வத்துக்கு வழி' என்ற பெயரோடு பின்னர் பல மொழிகளிலும் பரவியது அதுவே.

பிரசங்கம் நிகழும் இடம் ஓர் ஏலக்களம். ஏலம் தொடங்குமுன் கூடிநின்றோர் வரிச்சுமையை நொந்து முதியவரிடம் அறிவுரை வேண்டுகின்றனர். அவரோ சோம்பலையும் ஆடம்பரத்தையும் கடிந்து, கடன்பட்டுப் பொருள் வாங்குவதன் கேட்டினை விரித்துரைக்கின்றார். கேட்டோர் யாவரும் நன்று நன்று என்கின்றனர். ஏலம் தொடங்கியதும் அவர்களே முண்டியடித்துக்கொண்டு வாங்குகின்றனர்! புதிய மேலங்கிக்குத் துணி எடுக்க வந்த றிச்சர்ட் ஒருவர் மாத்திரம் பழைய அங்கியே போதுமென்று திரும்பிவிடுகிறார்.

ஒரு கூட்டத்தில் ஒருவர். இவ்வகை நூல்களின் பயன் அவ்வளவே என்பது என் கருத்து. ஆயினும், கடனிலிருந்து தப்பிய அந்த ஒருவருக்கு அது சிறிய பயனன்று.

நிற்க. பிராங்கிளின் செல்வரானது சிக்கனத்தால் மட்டுமோ? 1729இல் அவர் நாணயத்தாள் வெளியீட்டை ஆதரித்து ஒரு பிரசுரம் எழுதினார். பின்னர் நாணயத்தாள் அச்சிடும் வேலை அவருக்கே கிடைத்தது. அது நல்ல ஆதாயம் தந்த வேலை என்பதை அவர் மறைத்தாரல்லர். 1737இல் பிலடெல்பியாவின் அஞ்சலதிபரானமை அவரது பத்திரிகைக்கும் உதவிற்று. 1748இல், நாற்பத்திரண்டு வயதிலேயே, அச்சுக்கூடத்தைப் பங்காளியிடம் ஒப்புவித்து ஓய்வு பெற்றார். அரசாங்க வேலையைப் பெறும் வழியைப் பஞ்சாங்கம் கற்பிக்கவில்லை. நூலாசிரியர் செல்வரான வழி ஒன்று, நூல் கூறும் வழி வேறொன்று! இக்காலத்து நூல்கள் பலவற்றிலும் இந்த இடைவெளியைக் காணலாம்.

பரப்புவோர் யார் என்பதும் பார்க்கத்தக்கது. வருவாயிற் பத்திலொன்றைச் சேமிக்கும்படி கூறும் ஜோர்ஜ் கிளேசனின் பபிலோனியக் கதைகள் 1926இல் நூலாயின. அக்கதைகளைச் சிறு பிரசுரங்களாக மக்களிடையே வழங்கியோர் வங்கியாளரும் காப்புறுதிக் கம்பனியாருமாவர். அறிவுரை நல்லதே, சேமிப்புப் பணம் சென்று சேரும் இடமும் அவர்களிடமே.

பிராங்கிளின் தம் கொள்கையை மரணசாசனத்திலும் சோதித்தார். பொஸ்ரனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆயிரம் பவுண் வீதம் விட்டு, அதனை இளந்தொழிலாளருக்கு நூற்றுக்கு ஐந்து வட்டியிற் கடனாக வழங்கி, இருநூறு ஆண்டுகள் பெருக்குமாறு பணித்தார். அவர் 1790இல் மறைந்தார். 1990இல் தவணை முடிந்தபோது பொஸ்ரனின் நிதி ஏறத்தாழ ஐம்பது இலட்சம் டொலராகவும், பிலடெல்பியாவின் நிதி இருபது இலட்சத்துக்குச் சற்று மேலாகவும் இருந்தன.