பாட்டுக்குக் கீழே ஒரு பெயர்

1931 நவம்பரில், அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதிக்கு எழுத்தாளர் தியோடர் டிரைசர் தலைமையில் ஒரு குழு போனது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, அடிபட்டு, பட்டினி கிடந்த நேரம் அது. குழுவினர் ஊர் ஊராகச் சாட்சியம் கேட்டுப் பதிவு செய்தார்கள். சாட்சி சொல்ல வந்தவர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மருத்துவச்சியும் இருந்தார். சுரங்கக்காரர்களின் பிள்ளைகள் பசியால் சாவதை எடுத்துச் சொன்னார். அதோடு, அதைப் பற்றித் தானே கட்டிய பாட்டையும் பாடினார். அவர் பெயர் ஆன்ட் மோலி ஜாக்சன். அடுத்த மாதமே நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனம் அவர் குரலை இசைத்தட்டில் பதிந்தது.

அதே 1931 ஜனவரியில், இலங்கை மலையகத்தின் அட்டன் நகரத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சம்மேளனம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர். அவரோடு சேர்ந்து கூட்டங்களுக்குப் போய், தானே எழுதிய பாட்டுகளைத் தொழிலாளர் மத்தியில் பாடியவர் அவர் மனைவி மீனாட்சியம்மாள்.

மோலி ஜாக்சனைப் பற்றி ஆங்கிலத்தில் தனிப் புத்தகமே இருக்கிறது. மீனாட்சியம்மாளைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? மலையக ஆய்வாளர்கள் அவரை மறக்கவில்லை. சாரல் நாடன் போன்றவர்கள் நடேசய்யரைப் பற்றி எழுதியபோது மீனாட்சியம்மாளுக்கும் இடம் கொடுத்தார்கள். ஆனால் மலேசியாவில், அதே கங்காணி, அதே பெரட்டு, அதே லயத்திலிருந்து வந்த நமக்கு அவர் பெயர் வந்து சேரவில்லை.

'கண்ட்ரி' இசை என்றதும் நம் மனதில் வருவது தொப்பியும் கித்தாரும்தான். எங்கள் புலாவ் செபாங் பக்கத்தில் பழைய கிராணிமார் சிலருக்கு ஜிம் ரீவ்ஸ் என்றால் உயிர். தோட்டத்து லயத்தில் எம்.ஜி.ஆர். பாட்டு, கிராணி பங்களாவில் ஜிம் ரீவ்ஸ் என்று ஒரு பிரிவினை இருந்ததாகப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதனால் கண்ட்ரி என்பது துரைமார் சமாச்சாரம் என்று ஒரு எண்ணம் எங்களுக்கு. உண்மையில் அது ஏழைகளின் பாட்டு. மெர்ல் டிராவிஸ் 1946இல் பதிவு செய்த 'சிக்ஸ்டீன் டன்ஸ்' எதைப் பற்றியது? எவ்வளவு கரி வெட்டினாலும் கம்பெனிக் கடையில் கடன் தீராத சுரங்கக்காரனைப் பற்றியது. தோட்டத்துக் கணக்கு தெரிந்த எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. இலங்கையில் தொழிலாளியின் கடனைக் குறித்து வைத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தக் கடனை ஏற்றுக்கொள்ளும் தோட்டத்துக்குத்தான் ஆள் மாற முடியும். துண்டோடு மனிதனும் கைமாறினான். அந்த முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது.

அந்த மலைப் பாட்டு எப்படித் தொழிலாக மாறியது என்பதையும் கவனிக்க வேண்டும். 1927இல் ரால்ஃப் பியர் என்பவர் விக்டர் நிறுவனத்துக்காகப் பிரிஸ்டல் என்ற சிறு நகரத்தில் பதிவுக்கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ரோஜர்ஸும் அங்கேதான் முதன்முதலில் பதிவானார்கள். பியருக்குக் காப்புரிமையில் கண். ஆகவே பாட்டுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. ஏ.பி. கார்ட்டர் மலைக் கிராமங்களில் அலைந்து பழைய பாட்டுகளைச் சேகரித்து வந்து தன் பெயரில் பதிவு செய்தார். அதில் அநியாயமும் உண்டு. லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர் அவரோடு அலைந்து, மெட்டுகளை மனதில் பிடித்து வந்து கொடுத்தார். ஆனால் உரிமையில் அவருக்குப் பங்கு இல்லை. நல்லதோ கெட்டதோ, அந்தச் சந்தை பாட்டைப் பெயரோடு ஒட்டிவிட்டது. அதனால்தான் அங்கே 'பாடகர், பாடலாசிரியர்' என்று வாழ்க்கை வரலாறு எழுத முடிகிறது.

நம் தோட்டங்களில் அந்தச் சந்தை வரவில்லை. பெயரும் ஒட்டவில்லை. அதற்கு விதிவிலக்காக நிற்பவர் மீனாட்சியம்மாள்.

நடேசய்யர் முதலில் கொழும்பில் ஏ.ஈ. குணசிங்கவோடு சேர்ந்து தொழிற்சங்க வேலை செய்தார். 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். 1920களின் இறுதியில் குணசிங்கவின் இயக்கம் இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியபோது பிரிந்து மலைக்கு ஏறினார். அங்கே முதல் சிக்கல், தோட்டத்துக்குள் எப்படிப் போவது என்பதுதான். தோட்டம் துரையின் சொந்த நிலம். வெளியாள் நுழைந்தால் அத்துமீறல் குற்றம். நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போய் வந்த கதை மலையகத்தில் பிரபலம். ஆனால் ஒரு மனிதன் எத்தனை தோட்டத்துக்கு வேடம் போட முடியும்?

பாட்டு அந்த இடத்தில்தான் வேலை செய்தது. ஆளைக் காவல்காரன் மறிக்கலாம். சங்கத் துண்டுப்பிரசுரத்தைக் கங்காணி பிடுங்கிக் கிழிக்கலாம். சம்பள நாளில் நகரத்துக்கு வந்து ஒரு பாட்டைக் கேட்டு, அதை வாயில் வைத்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பும் பெண்ணை என்ன செய்வது? மீனாட்சியம்மாள் மக்கள் வாயில் ஏற்கெனவே இருந்த மெட்டுகளில் புதுச் சொற்களைப் போட்டார். பொறியியல் படித்த எனக்கு இது கச்சிதமான வடிவமைப்பாகத் தெரிகிறது. மெட்டு ஏற்கெனவே எல்லார் தலையிலும் இருக்கிறது. அனுப்ப வேண்டியது சொற்களை மட்டும்தான். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் சிறு வெளியீட்டைப் பார்த்து இரண்டு தடவை பாடினால் போதும். ஒரு லயமே பாடிவிடும்.

கென்டக்கியிலும் அதே தந்திரம்தான். 1931இல் ஃபிளாரன்ஸ் ரீஸ் என்ற சுரங்கத் தொழிலாளியின் மனைவி, நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் ஒரு சங்கப் பாட்டை எழுதினார். மெட்டு, ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பழைய மெட்டு. மீனாட்சியம்மாளும் ரீஸும் ஒருவரை ஒருவர் அறிய வழியே இல்லை. தேவை ஒன்றாக இருந்ததால் வழியும் ஒன்றாக இருந்தது.

அவர் எதைப் பாடினார்? கூலியைப் பாடினார். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி மலைநாட்டுத் தோட்டங்களில் நாள்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று வந்தது. பிள்ளைக்கும் ஒரு விலை போட்டுச் சட்டம் எழுதிய காலம் அது. உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்ததும் அதையும் குறைத்தார்கள். சட்டம் ஏட்டில் ஒரு மாதிரியும் தோட்டத்தில் வேறு மாதிரியும் இருப்பது மீனாட்சியம்மாளின் பாட்டுகளில் முக்கியமான விஷயம். அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது தொழிலாளர் ஒற்றுமை மட்டும்தான் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

1939இல் நிலைமை இன்னும் மோசமானது. அரசாங்கத் துறைகளில் தினக்கூலிகளாக இருந்த இந்தியர்களை வேலையிலிருந்து நீக்கும் திட்டத்தை இலங்கை அமைச்சர்கள் கொண்டுவந்தார்கள். நேரு வந்து பேசிப் பார்த்தார், பலனில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் இந்திய அரசு, உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதையே தடுத்தது. இந்தச் சூழலில்தான் 1940இல் மீனாட்சியம்மாள் தன் பாட்டுகளை 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் அச்சிட்டார். தலைப்பைப் பாருங்கள். ஆணைக்குழு அறிக்கைக்கு வைக்கும் தலைப்பு! பாட்டுப் புத்தகத்துக்கு யாராவது இப்படிப் பெயர் வைப்பார்களா? அவர் வைத்தார். காரணம், அதை அவர் அறிக்கையாகவே நினைத்தார். காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்களை வேண்டாதவர்களாகப் பார்க்கும் அமைச்சர்களுக்குப் பதில் சொன்னார். தொழிலாளிக்கு, இனி என்ன வரப்போகிறது என்று எச்சரிக்கை சொன்னார்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மீனாட்சியம்மாள் கொழுந்து பறித்தவர் இல்லை. பத்திரிகைக்காரர் வீட்டுப் பெண், சட்டசபை உறுப்பினரின் மனைவி. மோலி ஜாக்சன் சுரங்கக்காரன் மனைவி. அந்தப் பிள்ளைகளின் பிரசவத்துக்குக் கூடப் போய் நின்றவர். இரண்டையும் ஒன்றாக வைக்கலாமா? முழுக்க வைக்க முடியாது. மீனாட்சியம்மாளின் பாட்டில் மேடையின் வாசனை இருக்கிறது. தொழிலாளிக்காகப் பேசுவதற்கும் தொழிலாளியாகப் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. தோட்டத்துப் பெண்களின் சொந்தக் குரலைக் கேட்க வேண்டுமானால் சி.வி. வேலுப்பிள்ளை திரட்டிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' தொகுப்புக்குத்தான் போக வேண்டும். 1914இல் மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி., தான் கேட்டு வளர்ந்த பாட்டுகளை அழியாமல் காப்பாற்றினார். கங்காணியின் அதிகாரமும் மழையும் அட்டையும் பிரிவும் அங்கே நேரடியாகப் பேசும்.

ஆனால் அந்தப் பாட்டுகளைக் கட்டியவர்கள் யார்? பெயர் இல்லை. அது சி.வி.யின் குற்றமும் இல்லை. 'நாட்டுப்புறப் பாடல்' என்ற வகைமையே அப்படித்தான் இயங்குகிறது. பாட்டு மக்களுடையது என்கிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பாட்டையும் முதலில் ஒரு வாய் கட்டியிருக்கிறது. அந்த வாய்க்குச் சொந்தக்காரி ஒருத்தி, பெரட்டில் பெயர் கூப்பிடும்போது 'இருக்கேன்' என்று சொன்னவள். கூலிக் கணக்குப் புத்தகத்தில் அவள் பெயர் உண்டு, பாட்டுப் புத்தகத்தில் இல்லை. மீனாட்சியம்மாளுக்கு அச்சும் பத்திரிகையும் கையில் இருந்ததால்தான் பெயர் தங்கியது. இதைச் சொல்வதால் அவர் சிறுமைப்படவில்லை. பெயர் தங்குவதற்கு என்னென்ன தேவைப்படுகிறது என்பது தெரிகிறது.

மலாயாவுக்கும் ஒரு 1931 இருந்திருந்தால் என்று யோசிப்பதுண்டு. இங்கே அது 1941இல் வந்தது. கிள்ளான் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் போன்றோர் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகள் கூலி உயர்வோடு நிற்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் போக வேண்டும், பெண்கள் மீது கை வைப்பது நிற்க வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். கோரிக்கைப் பட்டியல் வரலாற்று நூல்களில் வரிசை எண்ணோடு இருக்கிறது. அந்த நாட்களில் லயங்களில் என்ன பாடினார்கள் என்பதற்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது.

மலாக்கா மாநிலத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கித்தா போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் போய்த் தாமான்கள் வந்தன. புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் இன்று மின்சார ரயில் நிற்கிறது. இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கத் தெரிந்த பாட்டிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பழைய பாட்டைத் திருப்பிச் சொல்பவர்கள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். நின்று கேட்டால் தெரியும். செத்தவரின் பெயர், அவர் வேலை பார்த்த நிரை, பிள்ளை படித்த பள்ளிக்கூடம் எல்லாம் அங்கேயே, அந்த நிமிஷத்திலேயே பாட்டுக்குள் வந்து உட்காரும். இதைத்தானே உலகம் பாடலாசிரியர் என்று சொல்கிறது? நாம் பாட்டி என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறோம்.

பெயர்ச் சிக்கல் பழங்கதை என்று நினைத்தால், 2021ஐ நினைத்துப் பாருங்கள். 'என்ஜாய் எஞ்சாமி' வந்து உலகம் முழுக்கத் தமிழர்கள் ஆடினார்கள். பாட்டின் வேர், அறிவுவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய வாழ்க்கை. சில மாதங்களில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லாமல் போனது பெரிய சர்ச்சையானது. இணையம், காப்புரிமை, கோடிக்கணக்கான பார்வைகள் எல்லாம் இருக்கும் காலத்திலேயே பெயருக்காகச் சண்டை போட வேண்டியிருந்தது என்றால், 1930களில் லயத்து வாசலில் பாடிய ஒருத்தியின் நிலைமை என்ன?

வள்ளியம்மாள் ஏன் திரும்ப வேண்டி வந்தது என்பதற்கும் மீனாட்சியம்மாளின் புத்தகத்துக்கும் தொடர்பு உண்டு. நடேசய்யர் 1947 நவம்பரில் இறந்தார். 1948 குடியுரிமைச் சட்டம் பெரும்பாலான மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அனுப்பப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 1940இலேயே இது வரும் என்று ஒருத்தர் மெட்டுப் போட்டுச் சொல்லியிருந்தார். அச்சிட்டு, கீழே தன் பெயரையும் போட்டிருந்தார். பெயர் போடுவது அவருக்குப் பெருமைக்காக இல்லை என்று நினைக்கிறேன். அறிக்கை என்றால் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது எல்லார் கையிலும் பதிவுக்கருவி இருக்கிறது. தோட்டத்துப் பாட்டியைப் பாடச் சொல்லி எடுத்துப் போடுகிறோம், 'பழைய தோட்டப் பாட்டு' என்று கீழே எழுதுகிறோம். அடுத்த முறை எடுக்கும்போது பாட்டு முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள். இதை யார் கட்டினது பாட்டி என்று கேளுங்கள். "நான்தான்" என்று பதில் வரவும் வாய்ப்பு இருக்கிறது.