தாம்பரத்துக் காற்றும் ஏசியும்

தாம்பரம் காற்றுக்குப் பேர்போன ஊர். 1928இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து பச்சைமலையை ஒட்டிக் காசநோய் மருத்துவமனை தொடங்கினார். அந்நோய்க்கு மருந்தில்லாத காலம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, இவைதாம் சிகிச்சை. சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். 1931இல் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுக்கு இடம் மாறியது.

அன்றைய வீடுகளும் காற்றை நம்பியவை. ஓட்டு வீடானால் சூடு ஓட்டிடுக்கு வழியே வெளியேறிவிடும். வசதியுள்ளவர்கள் மெட்ராஸ் டெரஸ் போட்டார்கள்: தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் நிறுத்தி அடுக்கி, செங்கல் ஜல்லி இடித்து, தட்டோடு பதிப்பது. தடித்த அந்தத் தளத்தைத் தாண்டி வெயில் உள்ளே இறங்க நேரமாகும்.

பின்னர் வந்த கான்கிரீட் தளம் சில அங்குலம்தான். பகலெல்லாம் வாங்கிய சூட்டை அது ராத்திரியில் அறைக்குள் விடும். சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணீர் தெளிப்பதும் அங்கேயே பாய் விரிப்பதும் இதனால்தான். மனைகள் சுருங்கின, அடுக்குமாடிகள் எழுந்தன, கொசுவுக்குப் பயந்து ஜன்னல்கள் மூடப்பட்டன. கடல்காற்றும் பத்து கிலோமீட்டருக்கு மேல் தாண்டித்தான் இங்கு வர வேண்டும். மேல்காற்று வலுத்த நாளில் அது தாமதமாகும். ஏசி நுழைந்தது இந்த இடைவெளியில்தான். முதலில் சுவரை உடைத்துப் பொருத்திய விண்டோ ஏசி, பிறகு ஸ்ப்ளிட்.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் சூட்டை கேஸில் ஏற்றி, கம்ப்ரசரால் அழுத்தி, வெளி யூனிட் வழியாகத் தள்ளுகிறது. நகர்த்துவது மட்டுமே வேலை என்பதால், செலவாகும் மின்சாரத்தைப் போல மூன்று மடங்குக்கு மேலும் வெப்பத்தை வெளியேற்றும். ஒரு வால்வால் கேஸின் ஓட்டத்தைத் திருப்பினால் இதுவே அறையைச் சூடாக்கும் வெப்பப் பம்பு. மிதமான குளிருள்ள நாடுகளில் குளிர்காலம் முழுதும் இதை வைத்தே வீட்டைக் கதகதப்பாக்குகிறார்கள். தாம்பரத்தில் மார்கழி விடியலும் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். சூடாக்கும் ஏசிக்கு இங்கே வேலையில்லை. குளிர்விக்கும் ஏசி வெளியே தள்ளும் சூடு பக்கத்து வீட்டுச் சந்துக்குத்தான் போகிறது, அதைக் கணக்கில் எடுப்போர் குறைவு.

சிக்கனத்தைப் பழக்கியது கரண்ட் பில். இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். ஏசிகளுக்கு நட்சத்திரக் குறியீடு 2010இல் கட்டாயமானது. 2018இல் அந்தக் கட்டாயம் இன்வர்ட்டர் ஏசிகளுக்கும் வந்தது. 2020 முதல் புது ஏசிகள் 24 டிகிரியில் வைக்கப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. சிக்கனம் பார்த்தால், வெப்பப் பம்பின் சூடாக்கும் வேலை இப்பகுதியில் வெந்நீருக்குத்தான் உதவும்; அதுவும் நாள் முழுதும் வெந்நீர் தேவைப்படும் ஓட்டல், மருத்துவமனை போன்ற இடங்களுக்கே கட்டுப்படியாகும். வீட்டுக்கு ஒரு கீஸர் போதும்.