கேஜிஎஃப்: தங்கம் ஏன் அவ்வளவு ஆழத்தில் இருந்தது?

கேஜிஎஃப்னு சொன்னதும் பலருக்கு பின்னணி இசையோட யாஷ் நடந்து வர்றதுதான் ஞாபகத்துக்கு வரும். இன்னைக்கு நாம பேசப்போறது அந்த ஊரோட கல்லைப் பத்தி. கோலார் தங்கவயல்ல யார் வேலை செஞ்சாங்க, எவ்வளவு ஆழத்துல செஞ்சாங்க, ஏன் செத்தாங்க... இதுல பாதியை அந்தக் கல்லே முடிவு பண்ணிடுச்சு.

சுமார் 270 கோடி வருஷத்துக்கு முன்னாடி அங்கே எரிமலைக் குழம்பு கடலடியில் கொட்டி உறைந்தது. பிறகு பூமியின் அழுத்தத்தில் அந்தப் பாறை மடிந்து விரிசல் விட்டது. அந்த விரிசல்கள் வழியா ஆழத்திலிருந்து சூடான நீர் ஏறியது. கந்தகம் கலந்த நீர் அது. அதில் தங்கமும் கரையும். பாறையில் இருந்த இரும்பு கந்தகத்தைப் பிடிச்சு வெச்சுக்க, தங்கத்தால அதுக்கு மேல கரைஞ்சிருக்க முடியல. வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லோட சேர்ந்து விரிசலுக்குள்ளேயே படிந்துவிட்டது. சுரங்கக்காரர்கள் இதை ‘ரீஃப்’ என்பார்கள். மெலிசான பலகையைச் செங்குத்தா மண்ணுக்குள்ள சொருகி வெச்ச மாதிரி இருக்கும். அகலம் குறைவு, ஆழம் மட்டும் போய்க்கிட்டே இருக்கும்.

அந்தப் பலகையோட மேல் விளிம்பு மழையில தேய்ஞ்சு மண்ணோட கலந்தது. தங்கம் தண்ணியைவிட 19 மடங்கு கனம். ஓடை மணலை அடிச்சுட்டுப் போகும், தங்கம் தங்கிடும். இது வேற வகைப் படிவு. எடுக்க ஒரு தட்டும் பொறுமையும் போதும். திப்பு வீழ்ந்த பிறகு மைசூரை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் 1802ல் பார்த்தது இதைத்தான். கிராமத்து ஆட்கள் மண்ணை அலசி அவர் கண் முன்னாடியே தங்கம் எடுத்துக் காட்டினாங்க. மாரிக்குப்பம் பக்கம் சின்னச் சின்னக் குழிகளும் தோண்டியிருந்தாங்க.

1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்தாங்க. பணம் கிட்டத்தட்ட கரைஞ்ச நேரத்துல, அந்தப் பழைய உள்ளூர்க் குழிகளுக்குக் கீழே தோண்டித்தான் சாம்பியன் ரீஃபைக் கண்டுபிடிச்சாங்க. ‘கண்டுபிடிச்சது யாரு’ன்னு கேட்டா, நான் அந்தக் குழி வெட்டினவங்களைத்தான் சொல்வேன்.

அதுக்கப்புறம் ரீஃப் போன வழியிலேயே மனுஷனும் இறங்கினான். வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து வந்த தமிழர்கள், அதிலும் பெரும்பாலும் தலித் மக்கள். பஞ்சமும் சாதியும் துரத்தி வந்தவங்க நிறைய. 1902லேயே சிவனசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. கீழே பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். மேலே இருக்கிற மொத்தப் பாரமும் அழுத்த, வெட்டின இடத்துல பாறை திடீர்னு வெடிச்சுச் சிதறும். ‘ராக் பர்ஸ்ட்’. அதிலிருந்து தப்பினவங்களையும் குவார்ட்ஸ் தூசி விடல. சிலிக்கோசிஸ்னு நுரையீரலைக் கல்லாக்கும் நோய்.

கிட்டத்தட்ட 800 டன் தங்கம் வெளியே வந்தது. ஆழம் கூடக் கூட, கல்லில் தங்கம் குறைந்தது, தூக்கும் செலவு ஏறியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடிட்டாங்க.

அரைச்சு, சயனைடுல கழுவிக் கொட்டின கல்தூள் இன்னும் ஊருக்குள்ள குன்று குன்றா நிக்குது. காத்தடிச்சா வீட்டுக்குள்ள வருது. அந்தத் தூளிலும் கொஞ்சம் தங்கம் இருக்கு. அதை எடுக்கிறதைப் பத்தித்தான் இப்போ பேச்சு.