497 ரூபாய் பிடித்தத்தின் கதை



என்னிடம் ஆறாம் வகுப்பில் படித்த மாணவி ஒருத்தி சென்ற வாரம் போனில் கேட்டாள். "சார், அப்பா போனதுக்கப்புறம் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருது. அதுல மாசாமாசம் 497 ரூபா பிடிக்கிறாங்க. எதுக்குன்னு அம்மாவுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. எழுதிக் கொடுத்து நிறுத்திடலாமா?" நிறுத்தாதேம்மா என்று சொல்லி, விளக்கமும் சொன்னேன். இதே சந்தேகம் உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும் என்று தோன்றியது. அந்த 497 ரூபாய்க்குப் பின்னால் எழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால்தான் அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பது புரியும். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் நம் ஆசிரியர்களின் கவலை மருத்துவம் அல்ல, ஓய்வூதியமே கவலை. உதவி பெறும் பள்ளிகளில் வாழ்நாள் முழுக்கப் பாடம் நடத்தியவர்கள் கடைசி நாளன்று ஒரு மாலையோடு வீட்டுக்குப் போன காலம் அது. 1955-இல் சென்னை மாநிலம் ஆசிரியர்களுக்காக ஒரு திட்டம் கொண்டுவந்தது. வருங்கால வைப்பு நிதி, காப்பீடு, ஓய்வூதியம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. 'டிரிபிள் பெனிஃபிட்' என்று ஆங்கிலப் பெயராலேயே பழைய ஆசிரியர்கள் அதைச் சொல்வார்கள். அதிலிருந்த காப்பீடு ஆயுள் காப்பீடு. ஆள் போனால் குடும்பத்துக்குப் பணம் வரும். ஆள் படுத்துக்கொண்டால்? அதற்கு அரசு மருத்துவமனை இருக்கிறது என்பதே அன்றைய பதில். அந்தப் பதிலை நான் குறை சொல்ல மாட்டேன். தனியார் மருத்துவமனை என்பதே அரிதாக இருந்த காலம்.

அதே காலத்தில் மற்ற இருவருக்கு வேறு வழி பிறந்துவிட்டது. ஆலைத் தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. 1948-இல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. மத்திய அரசு ஊழியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். 1954-இல் டெல்லியில் தொடங்கியது. இந்த இரண்டிலும் ஓய்வு பெற்றவர்களுக்கும் இடம் உண்டு. சி.ஜி.எச்.எஸ்.ஸில் பத்தாண்டு சந்தாவை ஒரே தவணையில் கட்டினால் வாழ்நாள் அட்டை கிடைக்கும். இ.எஸ்.ஐ.யில் குறைந்தது 5 ஆண்டுகள் காப்பீட்டில் இருந்து, வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைவருக்கும் சிகிச்சை உண்டு. மில்லிலிருந்து ஓய்வு பெற்ற நம் ஊர்ப் பெரியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இன்றே விசாரியுங்கள். மாதம் பத்து ரூபாய்தான்.

மாநில அரசு ஓய்வூதியருக்கு நெடுங்காலம் இதுபோல ஒன்றும் இல்லை. 1995-இல் ஓய்வூதியர்களுக்கென ஒரு சுகாதார நிதித் திட்டம் வந்தது. முதலில் நாம் கட்ட வேண்டும், பிறகு ரசீதுகளோடு விண்ணப்பிக்க வேண்டும், செலவில் ஒரு பகுதி திரும்ப வரும். பெரிய அறுவை சிகிச்சை என்றால் கையில் பணம் இருந்தவருக்குத்தான் அந்த நிதி உதவும். இல்லாதவர் நகையை அடகு வைத்துவிட்டுக் காத்திருப்பார்.

திருப்பம் 2008-இல் வந்தது. அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் 'புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்' அறிவிக்கப்பட்டது. மாதம் 25 ரூபாய் சந்தா, நான்கு ஆண்டுகளுக்கு 2 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை, ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தோடு ஒப்பந்தம். பெயரில் 'புதிய' என்ற சொல் சும்மா வந்ததல்ல. அதுவரை அரசே நிதி ஒதுக்கி, அரசே விண்ணப்பம் பார்த்து, அரசே பணம் கொடுத்தது. இனி அரசு ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியம் கட்டும். நிறுவனம் மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் போடும். நோயாளி அட்டையைக் காட்டினால் போதும், முன்பணம் வேண்டாம். பெரிய வசதிதான். ஆனால் அன்றிலிருந்து நமக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தப் பத்திரம் வந்து உட்கார்ந்துகொண்டது. பின்னால் வந்த சிக்கல்கள் எல்லாம் அந்தப் பத்திரத்திலிருந்து பிறந்தவைதான்.

மறு ஆண்டே, 2009 ஜூலையில், ஏழைக் குடும்பங்களுக்குக் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2012 ஜனவரியில் அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அதே 2012 ஜூலையில் ஊழியர் திட்டம் யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்கு மாறி, தொகை 4 லட்சமாகவும் சந்தா 75 ரூபாயாகவும் ஆயின.

பணியில் இருப்பவருக்குக் காப்பீடு வந்தாயிற்று. ஏழைகளுக்கும் வந்தாயிற்று. ஓய்வூதியருக்கு?

2014 ஜூலை 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஊழியர்களுக்கு வந்து ஆறு ஆண்டுகள் கழித்து! மருத்துவமனை வாசலை அதிகம் மிதிக்கிறவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். வரிசையில் கடைசியாக நின்றவர்களும் அவர்களே. இதைச் சதி என்று நான் சொல்ல மாட்டேன். காப்பீட்டுக் கணக்கின் இயல்பே அதுதான். நூறு இளைஞர் சந்தா கட்டினால் நோயில் விழுபவர் சிலர். நூறு முதியவர் கட்டினால் பலர். எந்த நிறுவனமும் முதியவர்களைக் கடைசியில்தான் சேர்க்கும், கூடுதல் விலைக்குத்தான் சேர்க்கும். அரசு தானே நேரடியாகப் பொறுப்பேற்றிருந்தால் இந்தக் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் கருத்து. மாறுபடுகிறவர்கள் தாராளமாகக் கருத்துப் பகுதியில் சண்டைக்கு வரலாம்.

அந்த விலையை நீங்களே பாருங்கள். 2014-இல் ஊழியர் 75 ரூபாய் கட்டும்போது ஓய்வூதியர் கட்டியது 150. கிடைத்ததோ பாதி, நான்கு ஆண்டுகளுக்கு 2 லட்சம். நான் 2017 மே மாதம் ஓய்வு பெற்றபோது அந்த 150-தான் பிடித்தார்கள். 2018 ஜூலையில் அது 350 ஆயிற்று, தொகை 4 லட்சம். அப்போது ஊழியர் சந்தா 180. 2021-இல் ஊழியருக்கு 300 ஆனது. 2022 ஜூலை 1 முதல் ஓய்வூதியருக்கு 497. தொகை 5 லட்சம், பட்டியலிட்ட சில கடும் நோய்களுக்கும் அறுவை சிகிச்சைகளுக்கும் 10 லட்சம் வரை. கணக்கு வாத்தியாராகவும் இருந்தவன் என்பதால் கூட்டிப் பார்த்தேன். முதல் நான்காண்டில் நாம் கட்டியது 7,200 ரூபாய். அடுத்த நான்காண்டில் 16,800. இப்போதைய நான்காண்டுக்கு 23,856. எட்டே ஆண்டில் மாதச் சந்தா மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, பாதுகாப்பு இரண்டரை மடங்கு. ஆனாலும் வெளியே எழுபது வயதுக்காரர் ஒருவர் தனியார் காப்பீடு எடுக்கப் போனால் கேட்கும் தொகையைப் பார்த்தவர்கள், 497-ஐ நிறுத்தும் யோசனைக்கே வரமாட்டார்கள்.

இப்போது அந்தப் பத்திரத்துக்குள் இருப்பதைச் சொல்கிறேன்.

முதலாவது, 5 லட்சம் என்பது ஓர் ஆண்டுக்கு அல்ல, நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து. அதுவும் ஓய்வூதியர், துணைவர் இருவருக்கும் சேர்த்து. முதல் ஆண்டிலேயே இதய அறுவை சிகிச்சைக்கு 3 லட்சம் போனால் மிச்சம் 2 லட்சத்தை வைத்து மூன்று ஆண்டு ஓட்ட வேண்டும். முதலமைச்சர் திட்டத்தில் 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்த பிறகு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுதோறும் 5 லட்சம் என்று இருக்கிறது. சந்தா கட்டுகிறவருக்கு நான்காண்டுக்கு ஒரு முறை, கட்டாதவருக்கு ஆண்டுதோறும் என்று சங்கக் கூட்டங்களில் புலம்பல் கேட்கும். ஏழைக்குக் கிடைப்பதைப் பார்த்துப் பொருமுவது எனக்குப் பிடிக்காது. நம் ஒப்பந்தத்தையும் ஆண்டுக் கணக்குக்கு மாற்று என்று கேட்பதுதான் நியாயமான கோரிக்கை.

அடுத்தது, உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் இந்தத் திட்டம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரை இதில் வராது. அதற்கென்று ஓய்வூதியத்தில் தனியாக மருத்துவப்படி 300 ரூபாய் தருகிறார்கள். மருந்துக்கடை ரசீதை எடுத்துப் பாருங்கள், 300 ரூபாய் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியும். கண்புரை போன்ற சில சிகிச்சைகளுக்கு 5 லட்சத்துக்குள்ளேயே தனி உச்சவரம்பும் உண்டு. லென்ஸ் தேர்ந்தெடுக்கும் முன்பே அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சண்டை அதிகம் வருவது மருத்துவமனைப் பட்டியலில்தான். பட்டியலில் உள்ள மருத்துவமனை என்றால் கட்டணமில்லாச் சிகிச்சை. இல்லாவிட்டால் முழுப் பணமும் நம் கையிலிருந்து. பட்டியலில் இருந்தாலும் எல்லா நோய்க்கும் இருக்காது. ஒரு மருத்துவமனை எலும்பு முறிவுக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. என்னோடு வேலை பார்த்த தலைமையாசிரியர் ஒருவரின் மனைவிக்கு நடுராத்திரியில் நெஞ்சு வலி. பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்கு ஓடினார்கள். காப்பாற்றிவிட்டார்கள். அட்டையை நீட்டியபோது, இந்தச் சிகிச்சைக்கு நாங்கள் பட்டியலில் இல்லை என்றார்கள். இரண்டேகால் லட்சம் கட்டினார். பின்னர் விண்ணப்பித்தபோது, பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்ற ஒரே வரியில் பதில் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறவளைக் காரில் வைத்துக்கொண்டு பட்டியலையா புரட்ட முடியும் என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நீதிமன்றத்துக்குத் தெரிந்திருந்தது. ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி ஒருவர் சி.ஜி.எச்.எஸ். தொடர்பாகத் தொடுத்த வழக்கில் 2018 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மருத்துவமனையின் பெயர் அரசாணைப் பட்டியலில் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் மருத்துவச் செலவை மறுக்கக் கூடாது. சிகிச்சை உண்மையில் நடந்ததா, அதற்கு முறையான ஆவணம் இருக்கிறதா என்பதே கேள்வி என்பது அதன் சாரம். நம் மாநில ஓய்வூதியர் பலரும் சென்னை உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் இதுபோன்ற மறுப்புகளை எதிர்த்து வென்றிருக்கிறார்கள். எனவே ஒரு வரிப் பதில் வந்ததும் ஓய்ந்துவிடாதீர்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இதற்கென ஒரு குழு இருக்கிறது. அங்கே முறையீடு செய்யலாம். அந்தத் தலைமையாசிரியரும் அங்கேதான் போனார். மாதங்கள் ஆயின, முழுத் தொகை வரவில்லை, ஆனால் பெரும்பகுதி வந்தது. அவர் டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து ரசீது, ஸ்கேன் அறிக்கை எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வைத்திருந்தார். அவசரச் சிகிச்சை என்று மருத்துவரிடம் எழுதி வாங்கியும் வைத்திருந்தார். அதுதான் அவரைக் காப்பாற்றியது.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வேலை. அடுத்த முறை வரும்போது அப்பா அம்மாவின் காப்பீட்டு அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பாதி வீட்டில் அது பீரோவில் துணிக்கு அடியில் இருக்கும். துணைவர் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா? இல்லையென்றால் உடல்நலத்தோடு இருக்கும்போதே பி.பி.ஓ. எண்ணோடு கருவூலத்தில் எழுதிக் கொடுங்கள். சேர்க்கைப் படுக்கையில் படுத்துக்கொண்டு எழுத்துப்பிழை திருத்த முடியாது. தந்தை மறைந்து தாய் குடும்ப ஓய்வூதியராக மாறியிருந்தால், அவர் பெயரிலேயே பிடித்தம் தொடர்கிறதா, அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மாணவியின் அம்மாவிடம் பிடித்தம் இருந்தது, அட்டை இல்லை! பட்டியலில் வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவமனைகள் எவை, எந்தெந்த நோய்க்கு என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

ஓய்வூதியமே இல்லாத பெரியவர்கள் நம் உறவில் நிறைய. அவர்களுக்கு: முதலமைச்சர் திட்டத்தின் வருமான வரம்பு 2022-இல் ஆண்டுக்கு 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. முன்பு 72,000-ஐத் தாண்டியதால் விடுபட்டவர்கள் மறுபடி முயலலாம். 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கியது. பதிவுக்கு ஆதார் வேண்டும். ஆதாரில் வயது தப்பாக இருக்கிற பெரியவர்கள் நம்மிடையே ஏராளம் என்பதால் முதலில் அதைப் பாருங்கள்.

நம் ஓய்வூதியர் திட்டத்தின் இப்போதைய நான்காண்டு 2026 ஜூன் 30 வரை. இதுவரை ஒவ்வொரு முறையும் பிடித்தம் ஏறித்தான் வந்திருக்கிறது. புதிய அரசாணை வந்தால் சந்தா எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், மருத்துவமனைப் பட்டியலையும் உச்சவரம்புகளையும் படியுங்கள். எனக்குக் கிடைத்ததும் நம் மாவட்டப் பகுதியை மட்டும் பிரித்து இங்கே போடுகிறேன். கருவூலத்தில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் இரண்டு பேர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அவர்கள் எனக்கு முன்னால் போட்டால் இன்னும் சந்தோஷம்.