கச்சேரிக்கு மோட்டார்சைக்கிளில் போனவர்

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ‘நான் விரும்பும் பயணம்’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். பெரும்பாலான நோட்டுகளில் விமானம்தான் பறந்தது. ஒரு மாணவன் மட்டும் அப்பாவின் கப்சாய் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து பாட்டி வீட்டுக்குப் போனதை எழுதியிருந்தான். அதை வாசித்தபோது வகுப்பில் ஒரே சிரிப்பு. “மோட்டார்ல போறதெல்லாம் ஒரு பயணமா சார்?” என்று ஒருத்தன் கேட்டும் விட்டான். அன்று பாடத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, கனடா நாட்டு டிரம்ஸ் கலைஞர் நீல் பியர்ட்டின் கதையைச் சொன்னேன். வகுப்பில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். உங்களுக்கும் பயன்படலாம்.

‘ரஷ்’ என்பது டொரோண்டோவில் தோன்றிய ராக் இசைக்குழு. மூன்றே பேர்தான். கெடி லீ பாடுவார், பேஸ் கித்தார் வாசிப்பார். அலெக்ஸ் லைஃப்சன் கித்தார். நீல் பியர்ட் டிரம்ஸ் வாசித்ததோடு பெரும்பாலான பாடல்களுக்கு வரிகளையும் எழுதினார். 1952-இல் ஒண்டாரியோ மாநிலத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. 18 வயதில் இசையை நம்பி லண்டனுக்குப் போனார். அங்கே சரிப்படாமல் திரும்பி வந்து, அப்பாவின் கடையில் டிராக்டர் உதிரிப் பாகங்கள் விற்றார். 1974 ஜூலையில் ரஷ் குழுவில் சேர்ந்தார். இரண்டு வாரம்கூட முழுதாக ஒத்திகை பார்த்திருப்பாரோ என்னவோ, ஆகஸ்ட் 14-இல் பிட்ஸ்பர்க் நகரில் ஆயிரக்கணக்கான பேர் முன்னால் முதல் கச்சேரி. பள்ளியை முடிக்காத இந்த மனிதருக்குப் பின்னாளில் ரசிகர்களிடையே வழங்கிய பட்டப்பெயர் ‘பேராசிரியர்’. அவ்வளவு வாசிப்பார், எதையும் அவ்வளவு நுணுக்கமாகச் செய்வார்.

புகழ் வந்தது. ஆனால் அது அவருக்கு ஒத்துப்போகவில்லை. முன்பின் தெரியாதவர்கள் ஓடி வந்து கட்டிப்பிடிப்பதும், கண் கலங்கிப் பேசுவதும் அவரைக் கூச்சப்பட வைத்தன. கச்சேரிக்கு முன்னும் பின்னும் ரசிகர்களைச் சந்திக்கும் வேலையை மற்ற இருவரும் பார்த்துக்கொள்வார்கள். இவர் வரமாட்டார். தலைக்கனம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேடையில் ஏறினால் சிங்கம், இறங்கினால் யார் கண்ணிலும் படாமல் நழுவுகிற ஆள் நம் மாணவர்களிலும் இருக்கிறார்களே!

இசைக்குழுவின் சுற்றுப்பயணம் என்றால் என்ன? பஸ், ஹோட்டல், அரங்கம், மறுபடி பஸ். ஊர் மாறும், அறை மாறாது. இந்தச் சலிப்பிலிருந்து தப்பிக்க 1980-களில் பியர்ட் ஒரு சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார். ஓய்வு நாளில் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சைக்கிளிலேயே போவார். சில நாட்களில் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். 1985-இல் சீனாவில் சைக்கிள் பயணம். பிறகு ஆப்பிரிக்காவின் கெமரூன் நாட்டில் சைக்கிள் பயணம். அந்த அனுபவம் 1996-இல் புத்தகமாக வந்தது. அதற்குள் சைக்கிளின் இடத்தை பி.எம்.டபிள்யூ. மோட்டார்சைக்கிள் பிடித்துக்கொண்டது. 1996-இல் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு, கச்சேரிக்குக் கச்சேரி மோட்டாரிலேயே போனார்.

அது எப்படி நடந்தது என்று கேட்டால், இந்த இடத்தில்தான் மாணவர்கள் கண்ணை அகல விரித்தார்கள். கடைசிப் பாட்டின் கடைசி அடி விழுந்ததும் பியர்ட் மேடையின் பின்பக்கமாக இறங்கி நேரே பஸ்ஸுக்கு ஓடுவார். கைத்தட்டல் அடங்குவதற்குள் பஸ் கிளம்பிவிடும். பஸ்ஸின் பின்னால் ஓர் இழுவைப் பெட்டி, அதற்குள்தான் மோட்டார்சைக்கிள்கள். இரவில் கொஞ்ச தூரம் ஓடி, லாரிகள் ஓய்வெடுக்கும் ஏதாவது ஓர் இடத்தில் பஸ் நிற்கும். அங்கேயே தூக்கம். காலையில் மோட்டாரை இறக்கி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு புறப்படுவார். நெடுஞ்சாலையில் போகமாட்டார். வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரிகிற கிராமச் சாலைகளைத் தேடித்தேடிப் போவார். வழியில் தேசியப் பூங்கா இருந்தால் உள்ளே போய், பூங்காக்களுக்கென்று இருக்கும் சிறு கையேட்டில் முத்திரை குத்திக்கொள்வார். தேவாலய வாசல் பலகைகளில் எழுதியிருக்கும் வாசகங்களைக் குறித்துக்கொள்வார். சாலையோரக் கடையில் சாப்பாடு. அங்கே பக்கத்து மேசைக்காரருக்கு இவர் தூசி படிந்த சட்டையோடு வந்த ஒரு மோட்டார்க்காரர், அவ்வளவுதான். அதைத்தான் அவர் விரும்பினார்.

பிற்பகலில் அரங்கத்துக்கு வந்து சேர்ந்ததும் ஒலிச் சோதனை, சாப்பாடு, சின்ன டிரம்ஸில் கை கால்களைச் சூடாக்கும் பயிற்சி. இரவு ஏறக்குறைய மூன்று மணி நேரம் வாசிப்பு. சும்மா உட்கார்ந்து தட்டுகிற வாசிப்பு இல்லை அது. இரண்டு கை, இரண்டு கால், எதற்கும் ஓய்வில்லை. பகல் முழுக்க மழையிலும் வெயிலிலும் மோட்டார் ஓட்டிவிட்டு எப்படி முடிந்தது? பஸ்ஸில் படுத்துக்கொண்டு வந்தவர்களைவிட இவர் தெம்பாக இருந்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். நாலு மணி நேரக் கூட்டத்தில் உட்கார்ந்து எழுகிற நமக்கு வருகிற அலுப்பு, மைதானத்தில் நின்றால் வருவதில்லையே.

இதற்கு நடுவில்தான் அந்தப் பேரிடி. சுற்றுப்பயணம் 1997 ஜூலை 4-இல் ஒட்டாவாவில் முடிந்தது. ஐந்து வாரங்கள் கழித்து, ஆகஸ்ட் 10-ஆம் தேதி, அவருடைய ஒரே மகள் கார் விபத்தில் இறந்தாள். வயது 19. மனைவி அந்தத் துக்கத்திலிருந்து மீளவே இல்லை. புற்றுநோய் கண்டு 1998 ஜூன் மாதம் அவரும் போய்விட்டார். பத்தே மாதங்களில் குடும்பம் இல்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று மகளின் இறுதிச் சடங்கிலேயே நண்பர்களிடம் சொல்லிவிட்டார்.

1998 ஆகஸ்ட் 20-ஆம் தேதி கியூபெக்கில் இருந்த தன் வீட்டைப் பூட்டிவிட்டு, மோட்டார்சைக்கிளில் தனியாகக் கிளம்பினார். மேற்கே கனடாவைக் கடந்து, வடதுருவ வட்டத்தைத் தாண்டிய இனூவிக் ஊர், அலாஸ்கா, பிறகு தெற்கே அமெரிக்கா, மெக்சிகோ, பெலீஸ். 14 மாதங்களில் 88,000 கிலோமீட்டர். பூமியை இரண்டு முறை சுற்றி வரும் தூரத்தைவிட அதிகம். போகிற வழியில் டிரம்ஸ் வாசிக்கவில்லை. கடிதங்கள் எழுதினார், நாட்குறிப்பு எழுதினார். அவைதான் 2002-இல் ‘கோஸ்ட் ரைடர்’ என்ற புத்தகமாக வந்தன.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ‘சாலை அவரைக் குணப்படுத்தியது’ என்று முடித்தால் அழகாகத்தான் இருக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அப்புறம் நடந்தது. எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லாத பயணம் அது. துக்கத்தோடு ஓடிக்கொண்டே இருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட மாலையில், டிக்கெட் வாங்கிக் காத்திருப்பவர்கள் முன்னால் போய் உட்கார வேண்டும் என்றால்? அது வேறு சோதனை. 2000-இல் மறுமணம் செய்துகொண்டார். 2002 ஜூன் 28-இல் ஹார்ட்ஃபர்ட் நகரில் ரஷ் மீண்டும் மேடை ஏறியது. ஐந்து ஆண்டு இடைவெளி. துக்கத்தைச் சுமந்துகொண்டு ஓடிய அதே வகை மோட்டார்சைக்கிள் இப்போது வேலைக்குப் போகிற வண்டியாக மறுபடி மாறியது. இந்த மாற்றம் எளிதாக நடந்திருக்காது.

2004-இல் குழுவின் 30-ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணம். மே 26-இல் நேஷ்வில்லில் தொடங்கி அக்டோபர் 1-இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் முடிந்தது. 57 கச்சேரிகள். பியர்ட் மோட்டாரில் கடந்த தூரம் 21,000 மைல், ஏறத்தாழ 34,000 கிலோமீட்டர். மாணவர்களுக்குப் புரிவதற்காகக் கணக்குப் போட்டுக் காட்டினேன்: புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் சுமார் 800 கிலோமீட்டர் என்று வைத்தால், நாற்பது தடவைக்கு மேல் போக வேண்டும். “பெட்ரோல் காசு யார் கொடுப்பா சார்?” என்ற கேள்வி உடனே வந்தது. நியாயமான கேள்விதான்! அந்தப் பயணமும் ‘ரோட்ஷோ’ என்ற புத்தகமானது. துக்கம் இல்லாத புத்தகம் என்பதாலோ என்னவோ முந்தியதைப் போல் பேசப்படவில்லை. வேலைக்குப் போகும் மனிதன் வழியில் என்ன பார்த்தான் என்று எழுதக் கற்றுக்கொடுக்க எனக்கு அதுதான் உதவுகிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. மோட்டார்சைக்கிள் அவரைக் கூட்டத்திலிருந்து காப்பாற்றியது. வீட்டைப் பிரிவதிலிருந்து காப்பாற்றவில்லை. 2009-இல் மீண்டும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒரு மகளை இழந்தவர், இன்னொரு மகளை விட்டுவிட்டு மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போனார். உடம்பும் விட்டுக்கொடுக்கத் தொடங்கியது. முழங்கையில் வலி. 2015-இல் நடந்த கடைசிச் சுற்றுப்பயணத்தின் நடுவே காலில் தொற்று, நடப்பதே சிரமம். அப்படியும் கச்சேரியை நிறுத்தவில்லை. அந்தப் பயணத்தோடு போதும் என்று முடிவெடுத்தார். மற்ற இருவருக்கும் இன்னும் கொஞ்ச காலம் வாசிக்க ஆசை. ஆனாலும் அவர் இல்லாமல் ரஷ் என்ற பெயரில் வேறொருவரோடு சுற்றுப்பயணம் போக அவர் இருந்தவரை முயலவில்லை. மூளைப் புற்றுநோயோடு மூன்றரை ஆண்டுகள் போராடி, அதையும் வெளியே சொல்லாமல், 2020 ஜனவரி 7-இல் அவர் காலமானார்.

கடைசிக் கச்சேரி 2015 ஆகஸ்ட் 1-இல், லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய இங்கிள்வுட்டில். வழக்கமாகக் கடைசி அடி விழுந்ததும் பின்வழியாகப் பஸ்ஸுக்கு ஓடியவர், டிரம்ஸுக்கு முன்னால் வருவதில்லை என்று தனக்குத்தானே ஒரு கோடு போட்டு வைத்திருந்தவர், அன்று இரவு அந்தக் கோட்டைத் தாண்டி மேடையின் முன்பக்கம் வந்தார். தோழர்கள் இருவரையும் கட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துத் தலை வணங்கினார்.